குதிரைக்கு வாழ்த்துகள்

கரக் நகரின் கீழ்ச்சரிவில் டயர்க் கடை நடத்திவந்த தைசீர், தம் கைபேசிக்குள் முப்பத்தொரு பேருக்குத் தலைவராக விளங்கினார். கைபேசிக்கு வெளியே அவருடைய சொல்லுக்கு அத்தகைய மதிப்பு இருந்ததாகக் கூற இயலாது. வீட்டில் தொலைக்காட்சியை எந்த அலைவரிசையில் வைப்பது என்பதைக்கூட அவர் தீர்மானிப்பதில்லை. ஆனால் 'ஏழு கோட்டை' என்னும் ஆட்டத்திற்குள் நுழைந்துவிட்டாலோ, மருந்துக்கடைக்காரர் முதல் தலைநகர் அம்மானுக்குச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர் வரை அனைவரும் அவருடைய கட்டளைக்குக் காத்திருந்தனர். அந்த மண்ணின் பழம்பெயரைக் கொண்டு கூட்டணிக்கு 'மோவாபின் கேடயம்' என்று பெயர் சூட்டியவரும் அவரே.

அந்தக் கூட்டணியினரை ஒன்றுசேர்த்து வைத்திருந்தது வீரம் அன்று. ஒரு பொதுவான எரிச்சல். ஆட்டத்தை நடத்தும் நிறுவனம், எங்கோ கடல்கடந்த நாட்டிலிருந்து, வாரந்தோறும் ஒரு விழாவை அறிவித்தது. ஒட்டக விழா முடிந்தால் முத்து விழா. முத்து விழா முடிவதற்குள் முழுநிலா விழா. எல்லா விழாவிலும் நுழைவு இலவசம்; நுழைந்தபின் ஓரடி எடுத்துவைப்பதற்குத்தான் கட்டணம். சென்ற நோன்பு மாதத்தில் நடந்ததை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. இலவசப் பெட்டி சூரியன் மறையும் நேரத்தில் சரியாக ஐந்து நிமிடம் மட்டுமே திறந்திருக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. கரக் நகரம் முழுவதும் பருப்புச் சூப்பில் கரண்டியை இட்டிருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் அது. மூன்று தினார் செலுத்தியவர்களுக்கோ பெட்டி நாள் முழுவதும் திறந்தே கிடந்தது. இதனைக் கண்டித்துக் கூட்டணியினர் இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினர். தங்கள் கருத்துக்கு நன்றி என்ற பதிலும், அடுத்த விழாவுக்குப் பத்து விழுக்காட்டுத் தள்ளுபடியும் வந்து சேர்ந்தன.

அன்றே தைசீர் ஒரு சட்டம் இயற்றினார். 'காசு கொடுத்துக் குதிரை ஏறுபவன் நம்மில் ஒருவன் அல்லன்' என்னும் அந்த வாசகம் குழுவின் உச்சியில் ஆணியடித்தாற்போல் நிலைத்து நின்றது. முப்பத்தொரு பேரும் கைதட்டும் படங்களை அனுப்பி அதனை ஏற்றனர்.

கண்டனக் கடிதத்தை எழுதியவர் பல் மருத்துவர் விஜ்தான். கூட்டணியின் உண்மையான வலிமையும் அவரே. முப்பத்தொன்பது வயதுப் பெண், மணமாகாதவர், தந்தையுடன் கோட்டைச் சாலையில் வசித்தார். நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு, ஈறு மரக்கும் வரையிலான பத்து நிமிடத்தில் அவர் வைக்கோல் சேகரிப்பார், வேலியை அடைப்பார், எதிரியின் காவல் மாறும் நேரத்தைக் குறித்துக்கொள்வார். வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளிகள் ஏதும் கேட்க இயலாத நிலையில் இருந்ததனால், இந்த ஏற்பாடு இரண்டு ஆண்டுகளாகத் தடையின்றி நடைபெற்றது. கூட்டணியின் எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதலில் விஜ்தானின் பெயர் இருந்தது. தலைவரின் பெயர் அதற்கு அடுத்த வரியில் இருந்தது.

இந்நிலையில்தான் தங்கக் குதிரை விழா வந்தது. ஏழு நாளில் அதிகத் தீவனம் சேர்ப்பவருக்குப் படையின் முன்வரிசை கிடைக்கும். தங்கக் குதிரை ஒன்றைப் பெற்றவருக்கோ தீவனம் ஒரே நேரத்தில் பத்து மடங்காகும். குதிரையைப் பெற இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நாளுக்கொரு முறை இலவசமாகச் சுழற்றக்கூடிய சக்கரம். அதில் குதிரை விழுந்ததாக எவரும் கேள்விப்பட்டதில்லை. மற்றொன்று நாற்பத்தைந்து தினார்.

ஆறு நாளும் விஜ்தான் முதலிடத்தில் இருந்தார். ஏழாம் நாள் மாலை, தைசீர் கடையை அடைத்துவிட்டு, டயர்களுக்கு நடுவே அமர்ந்து நாற்பத்தைந்து தினாரைச் செலுத்தினார். மூன்று நிமிடத்தில் அவருடைய பெயர் மேலே ஏறிற்று. 'சக்கரத்தில் விழுந்தது, எல்லாம் இறைவன் அருள்' என்று அவர் குழுவில் எழுதினார். வாழ்த்துகள் குவிந்தன. இறுதியாக விஜ்தானிடமிருந்து ஒரு வரி வந்தது. 'குதிரைக்கு வாழ்த்துகள்.' அதற்கடுத்து, விஜ்தான் கூட்டணியிலிருந்து விலகினார் என்னும் அறிவிப்பை ஆட்டமே வெளியிட்டது.

முதல் நாள் தைசீர் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. இரண்டாம் நாள், துறைமுக நகரான அகபாவைச் சேர்ந்த கூட்டணி ஒன்று வியாழக்கிழமை பிற்பகலின் அஸர் தொழுகைக்குப் பின் முற்றுகையிடப்போவதாக ஓலை அனுப்பியது. கோட்டையின் கிழக்கு வாசல் வீழ்ந்தால் கூட்டணி கலைக்கப்படும் என்பது ஆட்டத்தின் விதி. முப்பது பேரின் ஈராண்டு உழைப்பு ஒரு மாலையில் மண்ணாகும். கிழக்கு வாசலில் யார் எப்போது நிற்க வேண்டும் என்னும் கணக்கு விஜ்தானின் தலைக்குள் மட்டுமே இருந்தது. தைசீர் அனுப்பிய பதினான்கு செய்திகளும் படிக்கப்பட்டன. ஒன்றுக்கும் பதில் இல்லை. பேருந்து ஓட்டுநர் ஜிர்யெஸ், பல்வலி என்று பொய் சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்குத் தூது சென்றார். விஜ்தான் அவருடைய வாயைச் சோதித்து, உண்மையிலேயே சொத்தையாகியிருந்த கடைவாய்ப்பல் ஒன்றைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்தவரை அழைத்தார். ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஜிர்யெஸ் வீங்கிய கன்னத்துடன் திரும்பினார்.

மணமாகாத பெண் ஒருவரின் வீட்டுக்குத் தனியொருவராகச் சென்று கதவைத் தட்டுவது கரக்கில் நடவாத செயல். ஆகவே தைசீருக்கு ஒரே ஒரு வழிதான் எஞ்சியது. மனத்தாங்கல் முற்றினாலும், பெண் கேட்பதானாலும், கொலைப்பழியே ஆனாலும் அந்த மண்ணில் மனிதர்கள் செய்வது அதுதான். ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னிறுத்தி, நான்கைந்து ஆண்கள் கோட்டு அணிந்து, ஜாஹாவாகச் செல்வார்கள். வீட்டுக்காரர் காபி ஊற்றுவார். கேட்டது கிடைக்கும் வரையில் பெரியவர் அந்தக் கோப்பையைத் தொடமாட்டார். காபி ஆறிப்போனால் அந்த வீட்டுக்கு அவமானம்.

தைசீரின் பெரியப்பா அபூ மிஷால், முப்பத்துநான்கு ஜாஹாக்களுக்குத் தலைமை தாங்கியவர். திங்கட்கிழமை காலையில் அவர் விவரம் கேட்டார்.

"ரத்தமா?"

"இல்ல பெரியப்பா."

"நிலமா?"

"அதுவும் இல்ல. ஒரு விளையாட்டு. போன்ல ஆடறது. அதுல டாக்டரம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

அபூ மிஷால் சற்று நேரம் யோசித்தார். ஓர் ஆட்டின் காது அறுந்ததற்காக இரண்டு குடும்பங்கள் ஒன்பது ஆண்டு பேசாமல் இருந்ததையும், அவர்களைத் தாம் ஒரே மாலையில் சேர்த்துவைத்ததையும் நினைவுகூர்ந்தார். விளையாட்டு அதைவிடக் கடினமாக இருக்க வாய்ப்பில்லை என்பது அவருடைய முடிவு. பிறகு முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

"நம்ம பக்கம் தப்பு என்ன?"

"தப்புன்னு பெருசா ஒண்ணும் இல்ல. சின்ன மனத்தாங்கல்."

"தப்பு இல்லாமப் போனா அது ஜாஹா இல்லடா, விருந்து. அங்க போய் நான் எதுக்குன்னு மன்னிப்புக் கேக்கறது?"

"உங்களுக்கா பேசத் தெரியாது பெரியப்பா? நீங்க வாயத் திறந்தா கல்லே கரையும்."

புகழ்ச்சி பெரியவருக்குப் பிடித்தமானது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு அந்தக் கேள்வியை அத்துடன் விட்டுவிட்டார். முப்பத்துநான்கு ஜாஹாக்களில் அவர் செய்யாத பிழை அது.

செவ்வாய்க்கிழமை மாலை, ஆறு ஆண்கள் கோட்டைச் சாலையில் ஏறினர். முன்னால் தங்கக் கரையிட்ட அங்கியுடன் அபூ மிஷால். அடுத்து, திருமணத்தன்று அணிந்த கோட்டை மூச்சை இழுத்துப் பூட்டியிருந்த தைசீர். பின்னால் மருந்துக்கடை ஃபவ்வாஸ், வீங்கிய கன்னத்துடன் ஜிர்யெஸ், கூட்டணியைச் சேர்ந்த மேலும் இருவர். எதிர்வீட்டு மாடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உம்மு ஹம்தி அவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். ஆறு ஆண்கள், அனைவரும் கோட்டு, போகுமிடம் மணமாகாத டாக்டரின் வீடு. அவருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு, தெருமுனை வரை கேட்கும்படி நீண்டதொரு குலவையிட்டார்.

"அந்தம்மா எதுக்குக் குலவை போடறாங்க?" என்று ஜிர்யெஸ் மெல்லக் கேட்டார்.

"பல்லு பிடுங்கினதுக்கு," என்றார் ஃபவ்வாஸ்.

விஜ்தானின் தந்தை அபூ ஸாஹிர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். அந்தக் குலவை அவருடைய காதிலும் விழுந்திருந்தது. அவருடைய வீட்டுக்கு இறுதியாக ஒரு ஜாஹா வந்து பதினோராண்டு கடந்துவிட்டது. அன்று வந்தவர்களை வேண்டாம் என்று மகளே அனுப்பிவிட்டார். பிறகு எவரும் வரவில்லை. எனவே கதவைத் திறந்தபோது அவர் தம் பழுப்பு அங்கியை ஏற்கனவே தோளில் இட்டிருந்தார். அவருடைய கைகள் சற்றே நடுங்கின. அதனைத் தைசீர் கவனித்தார். ஆனால் முதுமையின் நடுக்கம் என்று எண்ணிக்கொண்டார்.

அனைவரும் சுவரோரம் அமர்ந்தனர். ஏலக்காய் மணக்கும் காபியைக் கெண்டியிலிருந்து அபூ ஸாஹிர் தாமே ஊற்றினார். அபூ மிஷால் முதற்கோப்பையை வாங்கித் தமக்கு முன்னால் வைத்தார், தொடவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். இறைவனைப் போற்றினார், அந்த வீட்டைப் போற்றினார், அபூ ஸாஹிரின் பாட்டனார் வெட்டிய கிணற்றைப் போற்றினார். தைசீருக்குப் பெருமிதம் பொங்கிற்று. இத்தகைய சொற்களுக்கு மயங்காதவர் எவரும் இருக்கமுடியாது என்று அவர் நம்பினார்.

"இந்த வீட்டுல இருக்கற ஒரு மாணிக்கத்தக் கேட்டு வந்திருக்கோம்," என்று அபூ மிஷால் கூறும்போதே அபூ ஸாஹிர் கையை உயர்த்தினார்.

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அது கிடைச்சாச்சு. காபியக் குடிங்க."

அறை சிலிர்த்தது. கோரிக்கை இன்னதென்று சொல்வதற்கு முன்பே வழங்குவது, அந்த மண்ணில் ஒருவர் காட்டக்கூடிய பெருந்தன்மையின் உச்சம். அபூ மிஷாலே தம் வாழ்நாளில் அதனை இரண்டு முறைதான் கண்டிருந்தார். அவர் மனம் நெகிழ்ந்து கோப்பையை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தனர்.

"மாப்பிள்ள இவங்கள்ல யாரு?" என்று அபூ ஸாஹிர் கனிவுடன் கேட்டார். அவருடைய பார்வை வரிசையாகச் சென்று ஃபவ்வாஸின்மேல் நின்றது. நான்கு பிள்ளைகளின் தந்தையான ஃபவ்வாஸ் கோப்பையை மடியில் கவிழ்த்துக்கொண்டார்.

அபூ மிஷாலின் கை பாதிவழியில் நின்றது. உதட்டருகே சென்ற கோப்பை மெதுவாகத் தட்டுக்குத் திரும்பியது.

"அபூ ஸாஹிர், நாங்க பொண்ணு கேட்டு வரல. குதிரை விஷயமா வந்திருக்கோம்."

"எங்கிட்ட குதிரை இல்லையே," என்றார் அபூ ஸாஹிர்.

தைசீர் விளக்கத் தொடங்கினார். கோட்டைகளைப் பற்றியும், தீவனத்தைப் பற்றியும், அகபாக்காரர்களைப் பற்றியும் அவர் பேசப்பேச, தம் குரல் தமக்கே அந்நியமாக ஒலிப்பதை உணர்ந்தார். டயர்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும்போது இவை அனைத்தும் எவ்வளவு பெரியவையாகத் தோன்றின! அந்த முதியவரின் முகத்தில் ஒளி சிறிது சிறிதாக அடங்குவதைக் கண்டபோது, அவருக்கு எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் அபூ ஸாஹிர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான். எதையோ கொடுத்தேன், கொடுத்தாச்சு. உங்க கோட்டைக்கு எம்பொண்ணு வருவா."

"உங்களுது எதுவோ அதக் கொடுங்கப்பா. இது என்னுது."

வாயிலில் விஜ்தான் நின்றிருந்தார். மருத்துவமனைப் பை இன்னும் தோளில் தொங்கியது. பெண்கள் அடுத்த அறையில் இருந்து கேட்பதே வழக்கம். அவரோ உள்ளே வந்து, தந்தையின் அருகே நாற்காலியில் அமர்ந்தார்.

"எனக்காக யாரும் வரலன்னு வருத்தப்படாதீங்க. எனக்காகத்தான் வந்திருக்காங்க, கோட்டு போட்டுக்கிட்டு ஆறு பேரு," என்று தந்தையிடம் கூறினார். பிறகு அபூ மிஷாலின் பக்கம் திரும்பினார். "பெரியவரே, சமாதானத்துக்குன்னு வந்தா தப்ப முதல்ல சொல்லணும். தப்பு என்ன?"

அபூ மிஷால் மிக மெதுவாகத் தைசீரின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"இதத்தான் நான் நேத்தே கேட்டேன்."

காபி ஆறத் தொடங்கியிருந்தது. தைசீர் மனத்தாங்கல் என்னும் சொல்லை மறுபடியும் எடுத்தார். விஜ்தான் அதனை முடிக்க விடவில்லை.

"குதிரை சக்கரத்துல விழுந்ததா?"

ஆம் என்று சொல்லிவிட்டால் போதும். ஃபவ்வாஸும் ஜிர்யெஸும் தலைவரை நம்பிக்கையுடன் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆனால் அதே அறையில் ஒரு முதியவர், கேட்பது என்னவென்றே அறியாமல் தம் சொல்லைக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து பின்வாங்காமல் அமர்ந்திருந்தார். அவருக்கு முன்னால் பொய் சொல்வது தைசீருக்குக் கடினமாக இருந்தது.

"சக்கரத்துல இருக்கற குதிரைக்குக் கடிவாளம் கிடையாது," என்றார் விஜ்தான், நோயாளிக்கு எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கும் குரலில். "உங்க குதிரைக்கு வெள்ளிக் கடிவாளம் இருக்கு. அது காசு கொடுத்தாத்தான் வரும். மத்தவங்க குதிரையப் பாத்தாங்க, நான் வாயப் பாத்தேன். என் தொழில் அது."

"வாங்கினேன்," என்றார் தைசீர்.

இவ்வளவு சொன்னபின் மீதியையும் சொல்லிவிடுவது எளிதாக இருந்தது.

"ரெண்டு வருஷமா எந்தப் பட்டியலப் பாத்தாலும் உங்க பேருக்குக் கீழதான் என் பேரு. ஒரு தடவ மேல இருந்து பாக்கணும்னு தோணுச்சு, டாக்டர்."

"எப்படி இருந்துச்சு?"

"அரை நாள் நல்லா இருந்துச்சு."

விஜ்தானின் உதட்டோரம் சற்றே அசைந்தது. அபூ மிஷால் கூரையைப் பார்த்தபடி, முப்பத்துநான்கு ஜாஹா சென்ற தமக்குப் புல் தின்னாத குதிரைக்காகச் செல்வது இதுவே முதல்முறை என்று முணுமுணுத்தார். அப்போது ஃபவ்வாஸ் தொண்டையைச் செருமினார். தாமும் ஒரு சேணம், மிகச் சிறிய சேணம், தள்ளுபடியில், என்று தொடங்கினார்.

"நீங்க தனியா ஒரு நாள் வாங்க," என்றார் விஜ்தான். "ஒரு காபிக்கு ஒரு தப்பு போதும்."

அவருடைய நிபந்தனைகள் இரண்டு. வியாழக்கிழமை படையை அவர் நடத்துவார். தலைவர் கிழக்கு வாசலில் காவலுக்கு நிற்பார். அதற்கு முன், இப்போதே, இங்கேயே, குதிரை அவிழ்த்துவிடப்பட வேண்டும்.

அவ்வாறு செய்வதற்கு ஒரு பொத்தான் ஆட்டத்தில் உண்டு. நான்காம் பக்கத்தின் அடியில், எவர் கண்ணிலும் படாத சாம்பல் நிறத்தில் அதனை வைத்திருந்தார்கள். தைசீர் அதனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆறு தலைகளும் அவருடைய கைபேசியின்மேல் கவிழ்ந்தன. அபூ ஸாஹிரும் மூக்குக்கண்ணாடியுடன் எழுந்து வந்தார். பொத்தானை அழுத்தியதும், உறுதியாகத்தானா என்று ஆட்டம் கேட்டது. ஆம் என்றார். குதிரையை வைத்துக்கொண்டால் லாயம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றது. வேண்டாம் என்றார். இறுதியில் குதிரை தலையைத் தாழ்த்தியது. அதன் கண்ணிலிருந்து ஒரு துளி வழிந்தது. அதற்குக் கீழே, ஒன்பது தினாருக்கு அதனை ஆறுதல்படுத்தலாம் என்று எழுதியிருந்தது.

"இவனுங்க கண்ணீரையும் விக்கறானுங்க," என்றார் அபூ ஸாஹிர்.

தைசீர் கண்களை மூடிக்கொண்டு அழுத்தினார். தங்கக் குதிரை மணற்குன்றுகளுக்கு அப்பால் ஓடி மறைந்தது. நாற்பத்தைந்து தினார் ஓடுவதை அவர் கண்ணைத் திறந்து பார்த்தபோது, நெஞ்சில் வலியும் தோளில் ஒருவகை இலேசும் ஒருசேர உண்டாயின. லாயத்தில் எஞ்சியிருந்தது, ஆட்டத்தில் சேர்ந்த அனைவருக்கும் முதல்நாளில் இலவசமாகத் தரப்படும் பழுப்புக் கோவேறு கழுதை மட்டுமே.

கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. கூட்டணியில் சேர விஜ்தான் அனுமதி கேட்பதாகத் திரை காட்டியது. தைசீர் தலைநிமிர்ந்தபோது, விஜ்தான் எதிர் நாற்காலியில், தம் கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். தைசீர் அனுமதியை அழுத்தினார். குழுவின் பட்டியலில் தைசீருடைய பெயர் ஒரு வரி கீழே இறங்கிற்று. தமக்குப் பழக்கமான அந்த இடம் அவ்வளவு மோசமானதன்று என்று அவருக்குத் தோன்றியது.

ஆறிய காபியை விருந்தினர் குடிக்க அபூ ஸாஹிர் சம்மதிக்கவில்லை. அனைத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சினார். இரண்டாம் முறை ஊற்றியபோது அவருடைய கை நடுங்கவில்லை. அபூ மிஷால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை அசைத்துக் காட்டி, இதனை முப்பத்தைந்தாவதாகத் தாம் கணக்கில் சேர்க்கப்போவதாக அறிவித்தார். விஜ்தான் அதற்குள் மருந்துச்சீட்டுகளின் பின்புறத்தில் காவல் நேரங்களை எழுதி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார். ஜிர்யெஸுக்கு மட்டும் அதனுடன் வலிமாத்திரையும் எழுதியிருந்தது.

படிக்கட்டில் தைசீர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தபோது, உம்மு ஹம்தி ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழ ரொட்டியுடன் மேலே ஏறிவந்தார். வழியனுப்ப வந்து நின்ற அபூ ஸாஹிரிடம் தட்டை நீட்டினார்.

"கொடுத்துட்டீங்களா, அபூ ஸாஹிர்?"

"கொடுத்தாச்சு."

"எப்ப வெச்சிருக்கீங்க?"

முதியவர் தைசீரை ஒருமுறை பார்த்தார். அவருடைய கண்ணில், கரக்கின் எல்லைக்கற்களை நாற்பதாண்டு அளந்தவருக்குரிய நிதானமும், அதற்குச் சற்றும் பொருந்தாத ஒரு குறும்பும் தென்பட்டன.

"வியாழக்கிழமை. அஸருக்கு அப்புறம்."

"இவ்வளவு சீக்கிரமாவா? எந்த மண்டபம்?"

"கிழக்கு வாசல்," என்றார் அபூ ஸாஹிர், ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டே.

அப்படியொரு மண்டபம் கரக்கில் திறந்திருப்பது தமக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று உம்மு ஹம்தி வியந்துகொண்டே படியிறங்கினார். புதிதாக ஓர் ஆடை தைக்க இரண்டே நாள்தான் இருக்கிறது என்ற கவலையும் அவருடைய முகத்தில் தெரிந்தது. அவருக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தைசீர் ஒரு கணம் எண்ணினார். ஆனால் அன்றைக்கு அவர் சொல்ல வேண்டிய உண்மையெல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது.